விசிறித் தீவு

விருந்தினர் விடுதிக்கு ஒரே ஒரு கேட்.
கெம்பண்ணா நீட்டிய பதிவேட்டில் எழுதினேன்:
நாகவேணி. மாலை ஆறு பத்து.
வந்த காரியம்: பேச்சு.
'எல்லாரும் பேசத்தானே வர்றாங்க மேடம்?'
எனக்குச் சம்பளமே அதற்குத்தான் என்றேன்.

உள்ளே மூன்று ஜப்பானியர்,
ஒரு வேப்பமரம், பெங்களூரிலிருந்து
வியாழன்தோறும் ஐஸ் பெட்டியில் வரும் மீன்.
ஞாயிறு காலை தேர்ப்பேட்டை வரை நடக்கலாம்.
பின்னாலேயே கார் ஊர்ந்து வரும்.

நாகசாகியில் இப்படி ஒரு தீவு இருந்தது.
கடலில் மண்ணைக் கொட்டி
விசிறிபோல் விரித்தது.
கரைக்குப் போக ஒரு பாலம், பாலத்தில் காவல்.
இருநூறு வருஷத்துக்கு மேல்
டச்சுக்காரர்கள் அதற்குள் கணக்கெழுதி,
ஆடு வளர்த்து,
கப்பல் கொண்டுவரும் காற்றுக்குக் காத்துக் கிடந்தார்கள்.
வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், பள்ளியில் தமிழ்;
நான்காவதாக ஜப்பான் மொழியை
ஓசூரில் ஒரு மாடி அறையில் படித்தபோது
இலக்கணத்தைவிட இதுதான் மனதில் தங்கியது.

அப்புறம் அந்த நடனம்.
எடோ அரண்மனையில்
மூங்கில் திரைக்குப் பின்னால் ஷோகன்.
முன்னால் தீவிலிருந்து வந்த வைத்தியர்.
மேலங்கியைக் கழற்று. கழற்றினார்.
குடித்தவன்போல் நட. நடந்தார்.
பாடு. ஆடு.
ஒவ்வொரு கட்டளையையும்
மண்டியிட்டபடியே மொழிமாற்றினான் ஒருவன்.
என் புத்தகத்தில் அவனுக்குப் பெயர் போடவில்லை.

ஆயுத பூஜையன்று
நூற்றைம்பது டன் பிரஸ்ஸின் நெற்றியில் குங்குமம்,
இரண்டு பக்கமும் வாழைக்கன்று.
தப்பட்டை சூடேறியதும்
குரோய்வா சானுக்கு வேட்டி கட்டி
மேலே பெல்ட்டும் போட்டுவிட்டார்கள்.
(அவர் பெயருக்குக் கரும்பாறை என்று பொருள்.
எங்கள் மாவட்டப் பெயரும் ஏறக்குறைய அதேதான்.)
'ஆடச் சொல்லுங்க மேடம்!'
சொன்னேன்.
ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலி.
டாக்டரிடம் அதைச் சொன்னதும் நான்தான்.
ஆடினார்.
முந்நூறு போன்கள் உயர்ந்தன.
நானும் சிரித்தேன்.
மூங்கில் திரை யார் முன்னால் தொங்கியது என்று
படுத்த பிறகுதான் யோசித்தேன்.

இன்று, மூன்றாம் நாள்,
தேநீரைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்கிறார்:
'கடைசி வரிசையில் ஒருவர் கைதட்டவில்லை.
என்மேல் கோபமா?'

ஆடுகிறவர் அதை எண்ணியிருக்கிறார்.

முனிராஜு. ஒப்பந்தத் தொழிலாளி.
ஆடி மாதம், அதே பிரஸ்,
இடது கையில் இரண்டு விரல்.
'சின்னக் கீறல்னு சொல்லுங்க' என்றார்கள் ஆபீசில்.
அதற்கு அழகான ஜப்பானியச் சொல் உண்டு.
அந்தச் சொல்லைச் சொன்னேன்.
உச்சரிப்பில் பிழையே இல்லை.

நாகசாகியில் கப்பல் வந்ததும்
உலகச் செய்திகளை எழுதி எடோவுக்கு அனுப்புவார்கள்.
காரம் குறைத்து, எலும்பு எடுத்து.
கறுப்புக் கப்பல்கள் வரப்போகின்றன என்றும்
ஒரு வருஷம் எழுதினார்கள்.
படித்தவர்கள் மடித்து வைத்தார்கள்.
மறு வருஷம் விரிகுடாவில் புகை.
படகில் போய் நின்ற மொழிபெயர்ப்பாளன்
அமெரிக்கர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னது:
எனக்கு டச்சு பேசத் தெரியும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன்:
'குரோய்வா சான், எனக்கு ஜப்பான் மொழி தெரியும்.'
'தெரியுமே' என்றார்.
'அன்றைக்கு நான் சொன்ன சொல் தவறு.
இரண்டு விரல். கீறல் இல்லை.'

வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு செருப்பைத் தேடினார்.
'அவர் வீடு எங்கே?'
மத்திகிரி தாண்டி. மண் ரோடு.
'கார் வேண்டாம். பஸ் இருக்கிறதா?'

திங்கட்கிழமை அறுபது பேர்
இந்தக் கேட்டுக்கு வெளியே உட்காரப்போகிறார்கள்.
முனிராஜு பஸ் ஸ்டாப்பில் தெலுங்கில் சொன்னது.
அதை மட்டும்
நானும் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஏழு நாற்பது. கெம்பண்ணா எழுந்து நிற்கிறார்,
வேட்டி கட்டாத, கார் இல்லாத
ஜப்பானியரைப் பார்த்தபடி.
பதிவேட்டில் இவர் வெளியே போக
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.
'பேச்சு முடிஞ்சுதா மேடம்?'

பாதி, என்றேன்.